தகரம் கிழித்த கால்

1984 ஜூன் 14, வியாழக்கிழமை, காலை ஆறு இருபது. இரவெல்லாம் அடித்த காற்றும் மழையும் ஓய்ந்து, தொப்பூர் மலைமேல் மட்டும் மேகம் மிச்சமிருந்தது. கொட்டகைத் தகரம் ஒன்று பிய்ந்து விழுந்து, எட்டு மாதச் சினையாக இருந்த எங்கள் ஜெர்சிப் பசுவின் பின்னங்கால் சதையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது. நான்கு முறை எழ முயன்று நான்கு முறையும் விழுந்தது. எழாத மாட்டைக் கறிக்காரர் தவிர வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

ரத்தத்தை நிறுத்த நான் காயத்துக்கு மேலே கயிற்றை ஒன்பது சுற்று இறுக்கிக் கட்டினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி சூடு வைக்க மனைவி கம்பியை அடுப்பில் சொருகினாள்.

ஒன்பது பத்துக்கு நல்லம்பள்ளி கால்நடை டாக்டர் மொபெட்டில் வந்தார். முதல் வேலையாகக் குளம்புக்கு மேலே ஊசியால் குத்திப் பார்த்தார். கால் அசையவில்லை.

"கயிறு கட்டி எவ்வளவு நேரமாச்சுங்க?"

"ரெண்டு மணி நேரம் ஐம்பது நிமிஷம்."

"நல்லாக் கட்டினீங்க போங்க! நரம்பு அறுந்திருக்குதா, உங்க கயித்துல மரத்துப்போச்சான்னு இப்ப எப்படிச் சொல்றது?" என்று கயிற்றை அவிழ்த்தார்.

"கம்பி காய்ஞ்சிருச்சுங்க சார்" என்றாள் மனைவி.

"வேண்டாங்கம்மா. தோலோட ஓரத்துல இருந்துதான் புதுத்தோல் நகர்ந்து வந்து புண்ணை மூடும். அந்த ஓரத்தையே பொசுக்கிட்டா எது மூடும்?"

பள்ளியில் தோல், தசை, இணைப்பு, நரம்பு என நால்வகைத் திசு என்று எழுதி நான்கு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அன்றுதான் அவற்றைக் கண்ணால் பார்த்தேன். காயத்தைக் கழுவியதும் உள்ளே சிவப்புத் தசை தெரிந்தது. அத்தனை எடையையும் தூக்கி நடக்கும் சதை, நூலை மட்டும் தாங்காதாம். நூலை இழுத்தால் வேகவைத்த கிழங்குபோல அறுந்து வருமாம். அதன்மேல் ஈரத்துணி மாதிரி ஒரு வெள்ளை உறை. "கட்டிப் பிடிக்கிறது இதோட வேலைங்க. இதுலதான் தையல் நிக்கும்" என்றார். அந்த உறையில் பதினொரு தையல், தோலில் பதினேழு. ஒன்றுக்கொன்று இடைவெளி மாறவேயில்லை. டாக்டரின் கையையா, மாட்டின் உடம்பையா, எதை மெச்சுவது என்று தெரியாமல் நின்றேன்.

"ஏங்க, நீங்க எண்ணினாத்தான் ஒட்டுமா? தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி.

மீதி இருந்தது நரம்பு. சேதி போய்வந்தால்தான் தசைக்கு வேலை. இல்லாவிட்டால் எத்தனை தைத்தும் பயனில்லை. டாக்டர் மறுபடி குத்தினார். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, தோல் துடித்ததுபோல இருந்தது. சரியாகப் பார்க்கக் குனிந்தேன். மூன்றாவது குத்துக்கு விட்டது ஓர் உதை! என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் கல்தொட்டியில் மோதி உடைந்தது.

"சேதி போயிருச்சுங்க!" என்று டாக்டர் கத்தினார்.

"இப்ப எண்ணுங்க, எத்தனை துண்டுன்னு!" என்று சொல்லிச் சிரித்த மனைவிக்குக் கண்ணில் தண்ணீர்.

பன்னிரண்டு ஐந்துக்கு மாடு நான்கு காலிலும் நின்றது. டாக்டர் கூலி வாங்கவில்லை. நூலுக்கும் ஊசி மருந்துக்கும் நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு, தருமபுரியில் வாங்கிய புதுக் கண்ணாடிக்கு எண்பத்தைந்து. மொத்தம் நூற்று இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.