தொண்ணூறைத் தொட்டால் நடுங்கிய வண்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. ஒரு மனிதர் தம் கைத்தொழிலையே விட்டுப் போனதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு யாரிடமும் சொல்வதில்லை.

என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. மூவாரில் செய்கிற கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசைகளை ஏற்றி வந்து மாசாய் பக்கத்து வீடுகளில் இறக்குவது என் பிழைப்பு. இது நடந்த ஆண்டின் தொடக்கத்தில் சிகாமட்டில் ஆறு பெருகி ஊருக்குள் ஏறியபோது மனைவியின் அக்கா வீட்டுச் சாமான்களை மீட்டு வரப் போயிருந்தேன். அன்று வண்டியின் அடியில் அப்பிய சேறு மாதக்கணக்கில் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நானும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ரோஷம் வந்துவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, கட்டை முட்டுக் கொடுத்து, உளியும் சுத்தியலுமாக அடியில் போய்ப் படுத்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற நீளமான இரும்புக் குழாயை நாங்கள் ஷாப்ட் என்போம். அதில்தான் அழுக்கு அதிகம். விடாப்பிடியாகத் தட்டினேன். சேறு விழுந்தது, துரு விழுந்தது, சேற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த கட்டிகளும் விழுந்தன. பிறகு கறுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு. காய்ந்ததும் ஷாப்டுக்கே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன்.

"அடியில போயி யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க லா?" என்றாள் மனைவி. "மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் கெடையாது."

"சாமி பாக்கும். நீ எலுமிச்சம்பழத்த எடுத்துட்டு வா."

நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். தெருவில் முப்பதுக்கு மேல் எவன் ஓட்டுவான்? வண்டி பட்டாக ஓடியது.

அடுத்த வாரம் மூவாரிலிருந்து திரும்பும்போது ஹைவேயில் தொண்ணூறைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். எழுபதுக்கு இறக்கினால் அடங்கியது. மறுபடி ஏற்றினால் மறுபடி வந்தது. நூறைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. டயர் கடையில் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தார்கள், போகவில்லை. டயரையே மாற்றினேன், அப்போதும் போகவில்லை. அதன் பிறகுதான் நான் வழக்கமாகப் போகிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன்.

அங்கே கியர்பாக்ஸ் வேலைக்கென்றே ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. அதிகம் பேசமாட்டார். பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் என்றால் அவர் கைதான். முதலாளியே அதில் கை வைக்கமாட்டார். என்னோடு ஹைவே வரை வந்து, ஓட்டத்தில் கியர் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஷாப்ட நடுவுல தாங்குற பேரிங் போயிருச்சுண்ணே," என்றார். மாற்றிக் கொடுத்தார். நடுக்கம் பாதி குறைந்தது. நான் முழுதும் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் பழையபடி ஆனது. கூடவே கியர்பாக்ஸின் பின்பக்கம் எண்ணெய் கசிந்தது, நாலாவது கியரில் வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் வேறு. அவர் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார். எண்ணெயில் இரும்புத் தூள் மினுமினுத்தது. கடைசி பேரிங்கின் குண்டுகளில் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கட்டி முடித்து, வண்டியின் அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து கேட்டார்.

"அண்ணே, அடியில பெயிண்ட் புதுசா இருக்கு. ஏதாச்சும் தட்டுனீங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கோ சுருக்கென்றது.

"சாமி காரியத்துக்குக் கழுவிப் பெயிண்ட் அடிச்சேன். ஏன், அதுல ஒங்களுக்கு என்ன கொற?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, உங்க சாமி காரியத்த நான் தப்பா சொல்லலண்ணே," என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மாதா கோயிலுக்குப் போகிறவர் என்னுடைய பூஜையைக் குறை சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேனோ என்று பயந்துவிட்டார். அதற்கு மேல் அவர் ஷாப்டைப் பற்றிப் பேசவே இல்லை. கேள்வியை அங்கேயே கொன்றவன் நான்.

ஆறே வாரத்தில் மறுபடி எண்ணெய், மறுபடி ரீங்காரம். ஒரு சனிக்கிழமை காலை, ஒர்க்‌ஷாப் நிறைய ஆட்கள் இருக்கும்போது வண்டியைக் கொண்டு போய் நடுவாசலில் நிறுத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். புது சாமான் ஆறு வாரத்தில் போகுமா, கட்டுகிற கையில் கோளாறு இல்லாமல் எப்படிப் போகும், கை போய்விட்டதென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதானே என்றேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி என்னைத் தோளில் தட்டி அடக்கப் பார்த்தார்.

கியர்பாக்ஸ்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி எங்கயும் அடிபடலயே? நீங்க எதையும் கழட்டலயே?"

"மாரியம்மா மேல சத்தியமா, நான் ஒரு ஆணியக்கூடத் தொடல!"

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். சாமிக்காக அழுக்கை எடுத்தது வண்டியில் கை வைத்த கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறு வாரம் முதலாளி போன் செய்தார். ஷாப்டைக் கழற்றி, அதை மட்டும் சுழற்றிச் சோதிக்கிற ஒரு சீனர் கடைக்குக் கொண்டு போவதாகச் சொன்னார். நானும் போனேன். கடைக்காரர் எந்திரத்தில் மாட்டிச் சுழல விட்டதுமே எந்திரம் உதறியது. நிறுத்திவிட்டு, துணியில் தின்னர் ஊற்றி என் கறுப்புப் பெயிண்டைத் துடைத்தார். குழாயின் ஒரு பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய வெல்டிங் தழும்புகள் தெரிந்தன.

"சியாப்பா புவாங்?" என்று மலாயில் கேட்டார். யார் இதைப் பிடுங்கிப் போட்டது?

சுவரில் சாய்த்திருந்த வேறொரு ஷாப்டைக் காட்டினார். அதே இடத்தில் பிஸ்கட் துண்டு அளவில் இரண்டு இரும்புத் தகடுகள் ஒட்டியிருந்தன. ஷாப்ட் நேராகச் சுழல்வதற்காகத் தொழிற்சாலையிலேயே எடை பார்த்து ஒட்டுவார்களாம். அவை போனால் ஷாப்ட் குலுங்கும், அந்தக் குலுக்கல் முன்னால் இருக்கிற கியர்பாக்ஸை நாளடைவில் தின்றுவிடும். எத்தனை புது பேரிங் போட்டாலும் தின்னும்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உளியை அண்டக் கொடுத்து நாலைந்து அடி போட்ட பிறகுதான் அந்தக் கட்டிகள் விழுந்தன. அப்பாடா, ஒழிந்தது என்றுகூடச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கடைக்காரர் கேட்டபோது முதலில் "தாக் தாவ்" என்றேன், தெரியாது என்று. திரும்பி வரும் வழியில்தான் முதலாளியிடம் உண்மையைக் கக்கினேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"நம்ம கியர்பாக்ஸ்காரரு வேலைய விட்டுப் போயிட்டாரு தெரியுமா? நான் அனுப்பல. எவ்வளவோ சொன்னேன். 'அவரு சாமி மேல சத்தியம் பண்ணிட்டாரு பாஸ், அப்போ தப்பு என் கையிலதான்'னு சொல்லிட்டு, ஸ்பேனரையெல்லாம் மத்தவங்களுக்குக் கொடுத்துட்டுப் போயிட்டாரு."

புதுத் தகடுகளை ஒட்டி, கியர்பாக்ஸையும் சரிசெய்த பிறகு வண்டி நூற்றுப் பத்திலும் அசையவில்லை. அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாசாயில் அவருடைய ஃபிளாட்டைத் தேடிப் போனேன். கோயில் முடிந்து வந்த சட்டையோடு இருந்தார். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். உளி, தகடு, பெயிண்ட், நான் கத்தியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் முழுதும் கேட்டார். ஷாப்டைப் பற்றிய இடத்தில் தலையாட்டினார். "ஆமாண்ணே, தகடு போனா ஆடத்தான் செய்யும்."

"அதத்தான் சொல்றேன். நீங்க கட்டுனதுல ஒரு கொறயும் இல்ல."

"இல்லண்ணே. ரெண்டாவது தடவ அந்தக் கடைசி பேரிங்க அழுத்தும்போது என் கை கொஞ்சம் கோணிருச்சு. அப்பத் தெரியல. அப்புறம் யோசிக்க யோசிக்க எனக்கு நல்லா ஞாபகம் வந்துருச்சு. எந்தப் பக்கம் கோணுச்சுன்னுகூடச் சொல்லுவேன்."

அப்படி எதுவும் நடக்கவில்லை. செய்த தப்பு என் ஞாபகத்தில் இல்லாமல் போயிற்று; செய்யாத தப்பு அவருக்கு இடம், பக்கம் முதற்கொண்டு ஞாபகத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான். "கோணலங்க, கோணவே இல்ல," என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நான் பிடுங்கிய தகடுகளைப் பற்றிச் சொன்னேன், சீனர் சொன்னதைச் சொன்னேன், முதலாளி அவர் திரும்பி வரக் காத்திருப்பதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார்.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதுக்காக இவ்வளவு தூரம் வந்து, உங்க மேலயே பழியப் போட்டுக்குறீங்க. நல்ல மனசுண்ணே உங்களுக்கு," என்றார்.