நின்றபடி ஒரு நேர்முகப் பரீட்சை

லக்கலப் பகுதியில் உள்ள பல்லேகமவில் சர்க்கிட் பங்களாவுக்குக் காவலாளாக இருந்த வருஷங்களில் எனக்குத் தமிழ் பேச ஆள் இல்லை. மாவட்ட நிர்வாகம் நடக்கிற மாத்தளைக் கச்சேரியிலிருந்தும் மற்றக் கந்தோர்களிலிருந்தும் சுற்றுப்பயணம் வருகிற அதிகாரிகள் தங்கிப்போகிற வீடு அது. இரண்டு அறை, நடுவில் சாப்பாட்டு மேசை, முன்னால் விறாந்தை, பின்னால் குசினி. குசினியை ஒட்டி என் படுக்கை. சமைப்பது, கூட்டுவது, விளக்குக் கண்ணாடி துடைப்பது, வேலிப்பக்கம் யானை வந்தால் தகரம் தட்டுவது எல்லாம் என் பாடு. அதிகாரிகள் மாதத்தில் சில நாட்கள் வருவார்கள். மற்ற நாட்களில் வீடு சும்மா கிடக்கும்.

ஊர்ச் சனங்கள் சிங்களவர்கள். காடு வெட்டிப் பயிரிடுகிற சேனையில் விளைந்ததில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. சிங்களமும் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வீட்டில் பேசி வளர்ந்த பேச்சு வாய்க்குள்ளேயே கிடந்தது. சில நாள் மாலையில் அடுப்பைப் பார்த்து, "இன்னைக்கு ஈர விறகு, என்ன செய்றது" என்று சத்தமாகச் சொல்வேன். சொன்னபின் யாராவது கேட்டார்களோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து ஆட்களுக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமையை அப்பா எப்படியோ பதிந்து வைத்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. கல்யாணம் கூடவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் நான் தலையை நிமிர்த்தவே இல்லை. மாப்பிள்ளைக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்று அவர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ஒரு மழைநாளில், அந்தப் பகுதி நிர்வாகத்தைப் பார்க்கிற காரியாதிகாரியின் கந்தோருக்குப் புதிதாக ஒரு கிளாக்கர் மாற்றலாகி வந்தார். ஊரில் வாடகைக்கு அறை எதுவும் இல்லை. அதிகாரிகள் வராத நாட்களில் பங்களாவின் சின்ன அறையில் இருந்துகொள்ளலாம் என்று காரியாதிகாரி அனுமதி கொடுத்திருந்தார். கிளாக்கர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிங்களத்தில் தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பாடா" என்றார்.

நான் போகாமல் நின்றேன். "ஐயா தமிழா?"

"ஆமா. நீங்களும்தானா?" என்று சிரித்தார். "அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டோம்?"

அவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன். முப்பது தாண்டியவர். நிர்வாக சேவைப் பரீட்சையை ஏற்கனவே எழுதித் தோற்றிருந்தார். வயது எல்லை நெருங்கிவிட்டதால் அடுத்து எழுதப்போவதுதான் கடைசி. "இதையும் விட்டா பென்ஷன் வரைக்கும் நான் கிளாக்கர்தான் அண்ணே. எங்க அப்பா தொரைக்கு முன்னால நின்ன மாதிரி, நானும் யாருக்காவது முன்னால நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்." என்னை முதல்நாளே அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார். நான் கடைசிவரை அவரை ஐயா என்றேன்.

அவர் பாஸ் பண்ணினால் இந்த ஊரில் ஒருநாள்கூட இருக்கமாட்டார் என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வாரத்தில் சில நாள் வந்துபோகிற மாத்தளை பஸ்ஸின் கொண்டக்டர், மாத்தளை டவுன் பக்கத்து முஸ்லிம் ஆள், பங்களாவுக்கு மண்ணெண்ணெயும் பேப்பரும் கொண்டுவருவார். அவரும் அதையே சொல்லிக் குத்துவார்: "என்ன பங்களா ராஜா, பேச்சுத்துணை கிடைச்சிருக்கு போல. மனுஷன் பாஸ் பண்ணிட்டா நீங்க திரும்பவும் அடுப்போடதான் பேசணும்." அடுப்போடு பேசியதை இவர் எப்போது கேட்டார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிளாக்கர் ஐயா கந்தோர் விட்டு வந்ததும் விறாந்தையில் நடந்துகொண்டே சத்தமாகப் படிப்பார். நான் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டு கேட்பேன். பாடத்தின் பெயர் பொது நிர்வாகம். அரசாங்கத்தை நடத்துவதற்கும் ஒரு பாடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மழை பெய்வது மாதிரி அது தானாக நடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கட்டளை ஒருமை என்று ஒன்றைப் படித்தார். ஒரு ஆளுக்கு ஒரே ஒருவர்தான் கட்டளையிட வேண்டும், இரண்டு பேர் இட்டால் வேலை கெடும் என்பது அதன் பொருள். உதாரணம் கிடைக்காமல் யோசித்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்கு யாரு மேலதிகாரி?"

"தங்குற அனுமதிக் கடுதாசி கச்சேரியிலேருந்து வருதுங்க. கட்டடம் மராமத்து ஓவர்சியர் ஐயாவோட பொறுப்பு. பக்கத்துல இருக்கிறது காரியாதிகாரி ஐயா."

"மூணு பேரும் ஒரே மாதிரியா சொல்வாங்க?"

"அந்தக் கொய்யா மரத்தை வெட்டச் சொல்லி ஓவர்சியர் சொன்னாருங்க. வெட்டக்கூடாதுன்னு காரியாதிகாரி ஐயா சொன்னாங்க. கச்சேரியிலேருந்து வந்த ஐயா பழம் இருக்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பாதி வெட்டினேன்."

அவர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பாதி மரத்தை விடைத்தாளில் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினாரா என்று தெரியாது.

பொறுப்பு, அதிகாரம், கீழே கையளித்தல் என்று எத்தனையோ கேட்டேன். அதிகாரத்தைக் கீழே உள்ளவனிடம் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பு கொடுத்தவனிடமே நிற்கும் என்று ஒரு பாடம். சரியாக விளங்காவிட்டாலும் கேட்கப் பிடித்தது. யாரோ ஒருவர் வீட்டுக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அது எதைப் பற்றி என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

எழுத்துப் பரீட்சை முடிந்து சில மாதங்களில், தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. மிச்சம் இருந்தது கொழும்பில் நேர்முகப் பரீட்சை. போன தடவை அவர் விழுந்ததே அதில்தான். போர்ட் என்று பெரிய அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். அவர்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம்.

"அண்ணே, நீங்கதான் போர்ட். இந்தக் கதிரையில ஒக்காருங்க. நான் எழுதித்தர்ற கேள்விகளைக் கேளுங்க. அங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க. தமிழ்ல தெளிவாச்சுன்னா இங்கிலீஷ் தானா வரும்."

அவர் காட்டியது சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்துக் கதிரை. கச்சேரியின் பெரிய ஐயா வந்தால் உட்காருகிற இடம். சர்க்கிட் பங்களாவில் காவலாள் கதிரையில் உட்காருவது வழக்கமில்லை. வீடு வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தபோதும் நான் உட்கார்ந்ததில்லை. எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது. உடம்பு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

"நான் குசினிப் பலகையைக் கொண்டுவர்றேங்க."

"போர்ட் எங்கயாவது பலகையில ஒக்காருமா? சும்மா ஒக்காருங்க அண்ணே."

விளிம்பில் உட்கார்ந்தேன். கடுதாசியில் இருந்த எழுத்துகள் ஆடின. முதல் கேள்வியைப் பாதி வாசித்துவிட்டு எழுந்துவிட்டேன். நின்றதும் குரல் வந்தது. மறுபடி உட்காரவைத்தார், மறுபடி எழுந்தேன். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது.

"சரி, நில்லுங்க. நீங்க நிக்கும்போது நான் எப்பிடி ஒக்காந்து பேசுறது? நானும் நிக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. தினமும் கந்தோர் விட்டு வந்து தேத்தண்ணி குடித்ததும், மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நிற்போம். நான் எழுத்துக்கூட்டிக் கேள்வி வாசிப்பேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொல்வார். பதில் நன்றாக இருந்தால் என் வாயில் "சரிங்க ஐயா" என்று வந்துவிடும்.

"போர்ட் என்னை ஐயான்னு சொன்னா நான் அங்கயே மயங்கி விழுந்துருவேன் அண்ணே."

ஒருநாள் எழுதிவைத்த கேள்விகள் முடிந்துவிட்டன. நீங்களாக ஒன்று கேளுங்கள் என்றார். எனக்கு ஒன்றுதான் மனதில் இருந்தது.

"பாஸ் பண்ணினா எங்க போவீங்க?"

அவர் நிமிர்ந்து நின்றார். "அரசாங்கம் எந்த மாவட்டத்துக்கு அனுப்பினாலும் அங்கு சென்று, அந்த மக்களின் மொழியிலும் பழக்கத்திலும் என்னைப் பழக்கிக்கொண்டு கடமை செய்வேன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு, "நல்ல கேள்வி அண்ணே, கட்டாயம் கேப்பாங்க" என்றார்.

சரிங்க ஐயா என்றேன். அன்று அவர் திருத்தவில்லை.

கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பிவந்த அன்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலுக்கே வந்தார்.

"அண்ணே, நீங்க என்னைக் கெடுத்துட்டீங்க."

"என்னங்க ஐயா ஆச்சு?"

"ஒக்காரச் சொன்னாங்க. ஒக்காந்தேன். முதல் கேள்வி கேட்டாங்க, பதில் தெரியும், வாய் தொறக்கல. தன்னால எந்திரிச்சேன். எந்திரிச்சதும் கொட்டுது. முடிச்சுட்டு ஒக்காந்தேன். அடுத்த கேள்விக்கும் அதே கதை. ஒவ்வொரு கேள்விக்கும் பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்தேன். நடுவுல இருந்த பெரியவர், கதிரையில ஆணி இருக்கான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லை சேர், பழக்கம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அந்தப் பெரியவர்கள் எந்தச் சிரிப்புச் சிரித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று வைத்த சோறு அப்படியே மிஞ்சியது.

காத்திருந்த மாதங்களில் அவர் புத்தகத்தைத் தொடவில்லை. மாலையில் நாங்கள் வேறு கதைகள் பேசினோம். அவர் தோட்டம், என் தோட்டம், தீபாவளிக்கு அடிக்கிற தப்பு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி போடுகிற சத்தம். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு பேசியது அந்த மாதங்களில்தான். வயல் ஓரத்து மரத்தடியில் நான் கும்பிடுகிற ஒரு பிள்ளையார் கல் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றால் என்ன கேட்பதென்று தெரியாது. அவர் பாஸாகவேண்டும் என்று கேட்க வாய் வந்தது. மனம் பின்னாலேயே நின்றது. நல்லது நடக்கட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவேன். யாருக்கு நல்லது என்று சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், கந்தோர் நேரத்தில், அவர் ஒழுங்கையில் நடந்துவருவது தெரிந்தது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை. நான் கையில் இருந்த தேங்காயைத் துருவுபலகையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"கெடைச்சிருச்சு அண்ணே." அவருடைய முகம் அழுதமாதிரி இருந்தது. "மன்னாருக்குப் போடுறாங்க."

எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அப்பா நின்ற நிலை அவரோடு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, என் நெஞ்சும் நிறைந்துதான் போயிற்று. தேங்காய்த் துருவலுக்குச் சீனி போட்டுக் கொடுத்தேன். வேறு இனிப்பு அன்று வீட்டில் இல்லை.

பஸ் நாளில் கந்தோர்க்காரர்கள் மாலை போட்டார்கள். கொண்டக்டர் முன் ஆசனத்தைத் துடைத்து, "இதுல வாங்க சேர்" என்றார். நேற்றுவரை கிளாக்கர் ஐயாவைக் கூட்டாளி மாதிரி ஐசே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் பெட்டியைக் கூரையில் கட்டினேன். ஐயா ஜன்னலுக்குள்ளிருந்து, "மன்னாருக்கு ஒருதடவை கட்டாயம் வரணும் அண்ணே" என்றார். வர்றேங்க என்றேன்.

சொன்னபடி போனேன். ஆனால் இரண்டு வருஷம் கழித்துத்தான். லீவு எடுத்து, ஒரு போத்தல் லக்கலத் தேனோடு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மன்னாரில் இறங்கியதும் திகைப்பாக இருந்தது. மீன் விற்கிறவர், சைக்கிள்காரர், கடைப்பலகை, சண்டை போடுகிறவர்கள் எல்லாம் தமிழ். காது நிறைந்தது. யாரிடமாவது ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். பேச ஒன்றும் இல்லாததால் கச்சேரிக்கு வழி மட்டும் கேட்டேன்.

கந்தோர் வாசலில் மனுக் கடுதாசிகளோடு சனம் வரிசையில் நின்றது. வாசலில் இருந்த பியூன் என் வயதுக்காரர்.

"என்ன அலுவல்?"

"அலுவல் ஒண்ணும் இல்லீங்க. ஐயாவைப் பார்க்கணும்."

"அலுவல் இல்லாமல் பார்க்க ஏலாது, பாருங்கோ. இவ்வளவு பேர் அலுவலோட நிக்கினம்."

அவர் சொன்னது சரி. நானும் என் வாசலில் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றேன். உள்ளேயிருந்து ஜீப் ஒன்று வந்தது. பின் ஆசனத்தில் அவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், மெலிந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு. அதைப் புரட்டிக்கொண்டே போனார். அருகில் யாரும் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் ஜீப் திரும்பிவிட்டது.

தேன் போத்தலைப் பியூனிடம் கொடுத்தேன்.

"ஐயாவுக்கோ?"

"இல்லீங்க, நீங்க வச்சுக்கங்க. எங்க ஊர்த் தேன். லக்கல."

அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லக்கலையோ? யானை வாற ஊரெல்லே? ஐயா அந்த ஊரைப் பற்றி அடிக்கடி கதைப்பார். வீட்டுக்கும் போகாமல் இருட்டும் வரைக்கும் இந்தக் கந்தோரிலயே தனிய இருந்து, எங்களை மறிச்சு வச்சுக் கதைப்பார். நீங்கள் பேரைச் சொல்லுங்கோ, பின்னேரம் வந்த உடன சொல்லிவிடுறன்."

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று, பேரைச் சொல்லாமலே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். திரும்பிப் போகிற பஸ் புறப்பட இன்னும் வெகுநேரம் இருந்தது. நான் முன்கூட்டியே ஏறிவிட்டேன்.