வெறுமையாய்க் கிடந்த கட்டம்

பேராதனையில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்ற ருமைசா, கற்பிட்டியில் மூன்று வருடமாக வேலை தேடுகிறாள். ஐந்து நேர்முகத் தேர்விலும் ஒரே கேள்விதான்: "அனுபவம் இருக்கா?" வேலையே கொடுக்காதவர்களுக்கு அனுபவம் மட்டும் வேண்டுமாம்!

அதைவிட எரிச்சல், ஆள் வைத்துக் கரைவலை இழுக்கும் சம்மாட்டியான தாய்மாமன் நிஸ்தார். கண்ட இடமெல்லாம் கேட்பார்: "செத்தவங்கட கதையப் படிச்சி என்ன தொழில் புள்ள செய்யப்போற?"

போன வருடம், அவர் பரம்பரையாக வலை இழுத்த கரையை ஒரு ஹோட்டல்காரன் வேலி போட்டு அடைத்தான். வழக்குக்குப் பழைய ஆதாரம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. மாமாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ருமைசாதான் கொழும்புச் சுவடிக்கூடத்தில் பதினொரு நாள் தூசி தின்று, வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடொன்றில் அந்தக் கரையையும் மாமாவுடைய பாட்டனின் பெயரையும் கண்டுபிடித்து, நகல் எடுத்து வந்தாள். வேலியைக் கழற்றும்படி தீர்ப்பாயிற்று.

மறுநாள் மாமா ஊரெல்லாம் சொன்னார்: "எங்கட லோயர் பெரிய கெட்டிக்காரன்."

ருமைசாவுக்கு இரத்தம் கொதித்தது. அன்று பின்னேரமே விண்ணப்பப் படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். 'அனுபவம்' என்ற கட்டத்தில் முதல்முறையாக எழுதியிருந்தாள்: 'கரைவலை வழக்குக்கு ஆதாரம் தேடியெடுத்தமை.'

"மாமா, உண்மையென்டு கையெழுத்து வைங்க."

அவர் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் ஒரு அனுபவமா புள்ள?"

"இல்லையென்டா எழும்பி வாங்க" என்றாள். "ரெண்டு பேருமாப் போய் அந்த வேலியத் திருப்பிப் போட்டுட்டு வருவம்."