டெக்கில் தெரிந்த கை

பரணில் இருந்து எதை இறக்கினாலும் என் மனைவிக்குச் சந்தேகம் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. போன முறை இறக்கிய மிக்ஸியை இன்னும் நான் ஓட்டிக் காட்டவில்லை. எனவே இந்த வீடியோ டெக்கைக் கூடத்தில் கொண்டு வந்து வைத்ததும், துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"இன்னாத்துக்கு இது இப்ப?"

"சும்மாதான். ஓடுதான்னு பாக்கலாம்."

"சும்மா நீங்க எதையும் எறக்க மாட்டீங்களே."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். ரப்பர் உருளை, பெல்ட், பல்சக்கரம் என்றால் கை தானாக ஸ்க்ரூட்ரைவரைத் தேடும். டெக்கின் மூடியைக் கழற்றினேன். முதலில் வந்தது வாசனை. சூடான தூசி, பழைய பிளாஸ்டிக், கொஞ்சம் பல்லி. பல்லி முட்டை ஓடுகள் இரண்டு கிடந்தன. பெல்ட் இருந்த இடத்தில் பெல்ட் இல்லை. அது உருகித் தார் மாதிரி ஆகி, சக்கரத்தில் அப்பியிருந்தது. தொட்டால் விரலை விடாது. ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து அதைத் துடைத்து எடுத்ததில் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புது பெல்ட்டை ஆன்லைனில் வாங்கினேன். ஒரிஜினல் என்று போட்டிருந்தான், நம்பவில்லை. பழைய சக்கரத்தில் நூலைச் சுற்றி அளந்து பார்த்த பிறகுதான் மாட்டினேன். இந்தக் குணம் எங்கள் குடும்பத்துச் சொத்து. நிலத்தைவிட அதுதான் எங்களுக்குள் சரிசமமாகப் பிரிந்தது.

அந்த டெக், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா வாங்கியது. அப்போது செஞ்சியில் டெக் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் வந்த களைப்பு என்று எதற்காவது. நைனா மட்டும், அக்கா கல்யாணம் முடிந்த கையோடு சொந்தமாகவே வாங்கிவிட்டார். படம் பார்க்க இல்லை. கல்யாண கேசட்டைப் பார்க்க. இன்னும் சரியாகச் சொன்னால், திருடனைப் பிடிக்க.

அக்கா கழுத்தில் இருந்த ரெட்டைவடச் சங்கிலி கல்யாணத்தன்று காலையில் காணாமல் போய்விட்டது. தாலி கட்டி முடிந்து, பெண்கள் சுற்றி நின்று பார்த்தபோதுதான் கவனித்தார்கள். மண்டபத்தில் பாயை உதறினார்கள், பூக்கூடையைக் கொட்டினார்கள், எச்சில் இலைத் தொட்டி வரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். இருவருமாகச் சேர்ந்து மேளக்காரரைப் பார்த்தோம். பாவம், அவர் கடைசிவரை தவிலைக் கழற்றி வைக்கவே இல்லை. கழற்றினால் உள்ளே தேடுவார்களோ என்று பயந்திருப்பார்.

சில வாரம் கழித்து கேசட் வந்தது. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் எடுத்ததை அப்படியே தர மாட்டார்கள். பாண்டிச்சேரிக்கு அனுப்பி 'மிக்ஸிங்' செய்து, பாட்டுச் சேர்த்துத் தருவார்கள். அக்கா முகம் இதய வடிவத்துக்குள் சுழன்று வந்தது. அக்காவும் மாமாவும் ராஜகிரிக் கோட்டை உச்சியில், கோட்டையைவிடப் பெரிய ஆளாக நின்றார்கள். என் வயசுக்கு அதுதான் உலக அதிசயம். 'இவ்ளோ உயரத்துக்கு எப்பக்கா போன?' என்று கேட்டு அக்காவிடம் குட்டு வாங்கினேன்.

ஞாயிறு மதியம் சொந்தபந்தமெல்லாம் எங்கள் கூடத்தில் கூடியது. தளவானூரில் இருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தப்பா, நைனாவின் கடைசித் தம்பி. விவசாயம். சித்தி அதிகம் பேச மாட்டாள், சிரிப்பாள். அவர்கள் கல்யாணத்துக்கே லேட்டாகத்தான் வந்தார்கள். மாடு கன்று போட்டுவிட்டது. மாலை போடுகிற நேரத்துக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க மேடை ஏறியவள் சித்தி. இப்போது டிவியில் தன்னைப் பார்க்கப் போகிறோம் என்று தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

டெக்கின் ரிமோட் பெரியப்பா கையில். அதற்கு வயர் உண்டு. பெரியப்பா கோர்ட்டில் அமீனா. ஜப்தி செய்கிற வேலை என்பதால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சாமான்களைத்தான் பார்ப்பார். அன்று படத்தையும் அப்படித்தான் பார்த்தார்.

முதலில் அக்காவுக்கு அலங்காரம். கழுத்தில் சங்கிலி பளபளவென்று இருந்தது. "இருக்குது," என்றார் பெரியப்பா. பிறகு பாட்டு, ரோஜாப்பூ மழை. அடுத்து, அக்கா மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இருந்து ஒரு கை வந்து, மாலைக்குள் புகுந்து, பிடரியில் எதையோ சரி செய்கிறது.

"அய்ய! அது என் கைதான்!" என்று சித்தி சந்தோஷமாகக் கத்தினாள். "வளையல பாரு, நான்தான்!"

அடுத்த காட்சியில் அக்கா மாலை இல்லாமல் குனிந்து பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறாள். கழுத்தில் சங்கிலி இல்லை.

பெரியப்பா படத்தைப் பின்னால் ஓட்டினார். கை வந்தது. முன்னால் ஓட்டினார். சங்கிலி இல்லை. மறுபடி பின்னால். கை வந்ததும் படத்தை நிறுத்தினார்.

"கை உன்துதான்," என்றார் பெரியப்பா திரும்பாமலேயே. "கை இன்னா பண்ணுது?"

"மாலை குத்துதுன்னு பொண்ணு சொல்லிச்சி, மாமா. நார சரி பண்ணேன்."

"நாரத்தானா?"

நைனா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் மோசம். சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் டிவியைப் பார்த்தாள். அங்கே அவள் கை அப்படியே நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சி."

பஸ்ஸுக்கு நேரம் ஆகவில்லை. அதற்கப்புறம் அவர்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவர்கள் போன பிறகும் எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்தை நேரில் பார்த்தவர்கள்கூடப் போகப்போக கேசட்டில் பார்த்ததையே நேரில் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். 'ஆமா ஆமா, அவ மேடை ஏறுன வரைக்கும் சங்கிலி இருந்துது' என்று சத்தியம் செய்தவர்களை எனக்குத் தெரியும். சித்தப்பா சாவுக்குப் போனபோது, வேற்று ஊர்க்காரர்கள் மாதிரி பந்தல் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

டெக் ஒருவழியாகத் தயாரானது. டேப்பில் இருந்து படத்தைப் படிக்கிற ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட காகிதத்தால் சுத்தம் செய்தேன். முதல் நாள் கேசட்டை விழுங்கி உடனே துப்பியது. பல்சக்கரம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதைச் சரி செய்ததும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இருக்கிற பெரிய தட்டை டிவியில் சொருகினேன். கல்யாண கேசட்டைப் போட்டேன். மனைவி சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

"இதுக்குத்தானே எறக்குனீங்க?"

அந்த இடத்துக்குப் படத்தை ஓட்டினேன். சித்தியின் கை வருகிற இடம் தேய்ந்து, வெள்ளைக் கோடாக ஓடியது. ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால், படத்தின் வலது ஓரத்தில், நான் இதுவரை பார்க்காத ஒன்று தெரிந்தது. மண்டபத்துச் சுவர்க் கடிகாரம். பழைய பெட்டி டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். புது டிவி விழுங்கவில்லை. கை வரும்போது முள் எட்டை நெருங்கியிருந்தது. அடுத்த காட்சியில், சங்கிலி இல்லாமல் அக்கா காலில் விழும்போது, அதே கடிகாரத்தில் ஏழுகூட ஆகவில்லை.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதேதான். மிக்ஸிங்காரன் பாட்டுக்குத் தோதாகக் காட்சிகளை முன்னும் பின்னும் ஒட்டியிருக்கிறான். சித்தி மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே சங்கிலி போயிருக்கிறது. அப்போது அவள் தளவானூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருப்பாள்.

அக்காவுக்கு போன் போட்டேன். திண்டிவனத்தில் இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அதுல கொக்கி லூசுடா. எங்கயாவது உழுந்திருக்கும்னு அன்னிக்கே சொன்னேன். என்னை எவன் கேட்டான்? டிவியத்தானே கேட்டீங்க."

போனை வைத்த பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். மறுபடி கேசட்டைப் போட்டு, ஏழு மணிக்கு முன்னால் அக்கா பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். பூக்காரப் பெண். மாமாவின் அத்தை. ஒரு இடத்தில் எங்கள் நைனாவே குனிந்து எதையோ எடுத்து ஜேபியில் போடுகிறார். பின்னால் ஓட்டி உற்றுப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி. டெக்கை அணைத்தேன்.

மறுநாள் டெக்கையும் கேசட்டையும் துணியில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு தளவானூர் போனேன். சித்தி வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பையன் சென்னையில், இவள் தனியாக இருக்கிறாள். என்னை அடையாளம் கண்டதும் எழுந்திருக்கவில்லை. பைக்கின் பின்னால் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இன்னா, நெலத்துக்குப் பாகப் பத்திரமா? கையெழுத்து என் பையன்தான் போடணும்."

"பத்திரமில்ல சித்தி. கல்யாண கேசட்டு."

அவள் கை நின்றது. "இன்னும் பாத்து முடியலியா?"

வாசலிலேயே நின்று கடிகாரக் கதையைச் சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னும் போனது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதை ஏன் இப்போது வந்து சொல்கிறான், யார் அனுப்பினார்கள் என்றுதான் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் கடலைத் தொலியைத் தட்டிவிட்டு, "வா உள்ள," என்றாள்.

உள்ளே இருந்தது பழைய பெட்டி டிவி. டெக்கைச் சொருகிப் போட்டபோதுதான் உறைத்தது: ஓரம் தெரியவில்லை. கடிகாரம் இருந்த இடத்தில் டிவியின் கறுப்பு விளிம்பு. "இங்கதான் சித்தி, இதுக்கு அந்தப் பக்கம்," என்று டிவிக்கு வெளியே விரலைக் காட்டினேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குடா கடிகாரம்?" என்றாள். "நான் எடுக்கலேன்னு எனக்குத் தெரியாதா?"

அணைக்கலாம் என்று கையை நீட்டினேன். தடுத்தாள். படம் பந்திக்கு வந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லியான ஆள் ஒருவர் சாம்பார் வாளியோடு இலை இலையாகக் குனிந்து வருகிறார். கேமராவைப் பார்த்ததும் நிமிர்ந்து, வெட்கத்தோடு சிரிக்கிறார். சித்தப்பா.

"நிறுத்து."

நிறுத்தினேன். அவர் உயிரோடு நடமாடுகிற படம் இவர்களிடம் வேறு எதுவும் கிடையாது; ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிசாக்கிச் சுவரில் மாட்டியிருந்தாள். டேப்பின் அந்த இடம் ஒரு கீறல் இல்லாமல், புதுசு மாதிரி இருந்தது. அதை யாருமே திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை. சித்தி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சித்தப்பா லேசாக நடுங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

டேப் தேயாமல் இருக்க, கொஞ்ச நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் டெக் தானாகவே விட்டுவிடும். டக்கென்று ஒரு சத்தம். சித்தப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்து, படத்தைவிட்டு வெளியே போனார்.

"போய்ட்டாரு," என்றாள் சித்தி.

"திரும்பப் போடட்டா?"

"வேணாம். தேஞ்சிடும்." பிறகு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்து, "சாப்டியா?" என்றாள்.

டெக்கையும் கேசட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. பெரியப்பா இல்லை, நைனா இல்லை. சித்தப்பன்மார் வாளி தூக்குகிற கல்யாணமும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில், பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு சாம்பார் ஊற்ற வந்த கேட்டரிங் ஆளிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டேன். என்ன குறை சொல்லப் போகிறேனோ என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டார்.