மீசை இல்லாத பூச்சி

திரையில் இரண்டு பச்சைப் பூச்சிகள் அருகருகே நின்றன. இடது பக்கம் இருந்தது நெல்லைக் கெடுக்கும் தத்துப்பூச்சி. வலது பக்கம் இருந்தது நெல்லைக் காக்கும் நாவாய்ப்பூச்சி. புகையான் எனும் பழுப்புப் பூச்சி இடுகிற முட்டைகளைத் தேடித் தின்பது அது. இரண்டுமே நெல்மணியைவிடச் சிறியவை. என் பழைய மானிட்டரில் அவை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. என் நாற்காலிக்குப் பின்னால், உட்காரச் சொல்லியும் உட்காராமல், கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஆபீசரம்மா நின்றுகொண்டிருந்தார்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்தான் வேளாண் அலுவலர். என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டியிருக்காது. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் ஏதோ வேகமாகச் சொல்லி வைத்துவிடுவார். சிம்மக்கல்லில் நான் ஒரு கம்ப்யூட்டர் டிசைன் கடை நடத்திவந்தேன். டிஜிட்டல் கேமரா ஊருக்குள் அப்போதுதான் வரத்தொடங்கியிருந்தது. அவரிடம் ஒன்று இருந்தது, சின்னது. பழைய பிலிம் கேமராவின் லென்ஸைத் தலைகீழாக அதன் முன்னால் வைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். அதை வைத்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டு, மூச்சை அடக்கி, காற்று நிற்கும் ஒரு கணத்துக்காகக் காத்திருந்து எடுப்பாராம். நூறு படம் எடுத்தால் நாலு தேறும் என்பார். எங்கும் ஒரு நிமிடம் நிற்காத அவர் பூச்சிக்காக மட்டும் எப்படிக் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எந்தப் பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று விவசாயிகளுக்குக் காட்டும் பெரிய போர்டு ஒன்றை அவர் கேட்டிருந்தார். நடவு முடிந்துவிட்டது, சீக்கிரம் வேண்டும் என்றார். ஒரு பிளாப்பி டிஸ்கில் ஒரு படம்தான் கொள்ளும். அவர் கொண்டுவந்த ஏழில் இரண்டைக் கம்ப்யூட்டர் படிக்கவே மறுத்தது. படத்தைத் திருத்தும் மென்பொருளோ அதைவிட மோசம். பின்னணியிலிருந்து பூச்சியைத் தனியே வெட்டி எடுக்க அதன் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு வரைந்துகொண்டே போவேன்; முக்கால்வாசி வரும்போது திரை உறைந்துவிடும். அணைத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து. நாவாய்ப்பூச்சிக்கு மட்டும் நான்கு முறை இப்படி ஆனது. அவ்வளவு அருகில் எடுத்த படத்தில் கண் துல்லியமாக விழுந்தால் மற்றதெல்லாம் மங்கிவிடும். தத்துப்பூச்சிக்கு இல்லாத அதன் நீண்ட மீசைகள் இரண்டும் புகைபோலத் தெரிந்தன. ஐந்தாவது முறை எனக்குப் பொறுமை இல்லை. மீசைகளை விட்டுவிட்டு உடம்பை மட்டும் வெட்டினேன். பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டு பூச்சிகளுக்கும் ஒரே பச்சையை ஏற்றினேன். அஞ்சலட்டை அளவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில், நின்றபடியே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் வந்தார். “அண்ணே, கடைய அடைச்சிட்டு ஒரு எட்டு என் கூட வாங்க” என்றார். மேலூரைத் தாண்டி, ஒரு பால் சொசைட்டிச் சுவரில் எங்கள் போர்டு மாட்டியிருந்த ஊரில் இறங்கினோம். அதற்கு எதிரே இருந்த வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. வயல்காரர் ஐம்பது வயதுக்காரர். பயிரில் பச்சைப் பூச்சி நிறையத் தெரிந்திருக்கிறது. போர்டைப் பார்த்திருக்கிறார், இரண்டு படமும் ஒன்றுபோலவே இருந்ததால் எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தடித்துவிட்டார். செத்ததெல்லாம் நாவாய்ப்பூச்சி. முட்டைகளைத் தின்ன ஆளில்லாமல் புகையான் பெருகிப் பாதி வயலைத் தீர்த்துவிட்டது. ஆபீசரம்மா வரப்பில் நின்று, “தப்பு என்னோடதுங்க. படம் எடுத்ததும் நான், சரின்னு சொன்னதும் நான்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆபீசரம்மாவுக்கு ஆபீசில் விளக்கம் கேட்டு மெமோ வந்ததாக அவர் வாயாலேயே பிறகு அறிந்தேன். அந்த வாரம் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. கல்யாணப் போட்டோக்களில் முகப்பரு துடைக்க உட்கார்ந்தால் விரல் மவுஸ்மேல் நின்றுவிடும். எதைத் துடைக்கிறேன், எதை விடுகிறேன் என்று எனக்கே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தனியாக மேலூர் பஸ் ஏறினேன்.

வயல்காரர் வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். மீசையை வெட்டினது நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தீயாத மற்றொரு வயலுக்கு என்னைக் கூட்டிப்போய், ஒரு நெல் தூரை விலக்கிப் பிடித்தார்.

“இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு சொல்லுங்க தம்பி.”

என் மூக்குக்கண்ணாடி இலையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தேன். பச்சையில் பச்சையாகச் சில புள்ளிகள் அசைந்தன. எத்தனையோ மணி நேரம் அதன் ஓரத்தை வரைந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“உங்க போர்டுல ஆட்டுக்குட்டி தண்டி இருக்கு. வயல்ல இம்புட்டூண்டு. மீசை இருந்திருந்தா மட்டும் நான் கண்டுபிடிச்சிருப்பேனா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பிறகு இலையை விரலால் லேசாகத் தட்டினார். ஒரு புள்ளி துள்ளிக் காணாமல் போனது. இன்னொன்று தண்டோடு விறுவிறுவென ஓடியது. “இம்புட்டும் தீஞ்ச பெறகுதான் உக்காந்து பாத்தேன். ஒண்ணு தத்துது, ஒண்ணு ஓடுது” என்றார். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகசூல் பாதி போனவரிடம் அதைக் கேட்பதும் அழகல்ல.

திங்கட்கிழமை ஆபீசரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீசை விஷயத்தில் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “கையெழுத்துப் போட்டவ நான்தானண்ணே” என்றதோடு சரி. வயல்காரர் சொன்னதை மட்டும் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். தானே போய் இலையைத் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வந்தார். புதிய போர்டில் பூச்சிகளை வெட்டவில்லை. இலையோடும் மங்கலோடும் மீசையோடும் அப்படியே வைத்தோம். பக்கத்தில் அசல் அளவில் ஒரு புள்ளி. படங்களைக் கீழே சிறிதாக்கி, மேலே பெரிய எழுத்தில் ‘தொட்டால் தத்துவது கெட்டது, தொட்டால் ஓடுவது நல்லது’ என்று போட்டோம். சேற்றில் மண்டியிட்டு எடுத்த படங்கள் இப்படிச் சுருங்கியதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்கும்.

இன்று கைப்பேசியில் விரலால் ஒரு தட்டு தட்டினால் பின்னணி தானாகக் கழன்றுவிடுகிறது. எது கழன்றது என்று பார்க்காமல் எனக்கு அடுத்த வேலைக்குப் போக முடிவதில்லை. கடைப் பையன்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆபீசரம்மா சில வருடங்களில் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் அதற்கு முன்பே, புதிய போர்டு மாட்டிய அடுத்த போகத்தில், மேலூரிலிருந்து ஒரு நாள் போன் செய்தார். குரலில் வழக்கமான அவசரம்.

“அண்ணே, வயல் தீஞ்சு போச்சே, அவரு வயல்ல மறுபடி பச்சைப் பூச்சி வந்திருக்கு. மருந்து வாங்கி வரப்புல வச்சிருக்காரு. இன்னும் அடிக்கல. ஒவ்வொரு தூரா தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்காரு.”