முத்தக் காய்ச்சல்

உள்ளறையிலிருந்து ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. புத்தகப்பை மூடிக்கொண்டது. ஹேகே வாஃபிள் மாவுக் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தாள். சற்று நேரத்தில் மறுபடி அதே சத்தம். பை திறந்துகொண்டது. நாளைக்கும் மகள் வில்டே பள்ளிக்குப் போகப்போவதில்லை.

இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகள் இப்படித்தான் கழிந்தன.

எங்கள் ஊர்ப் படகுத்துறையில் சாசேஜும் காபியும் விற்கும் ஹேகேயைத் தெரியாதவர்கள் இல்லை. கணவன் இன்னொருத்தியோடு பெர்கன் நகரத்துக்குப் போன மறுநாளும் கடையைத் திறந்தவள் அவள். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும், கெட்சப்பைப் பிழிந்தபடியே நல்லாத்தான் இருக்கேன் என்பாள். அது பிறந்த வீட்டில் கற்ற பதில். அவளுடைய அப்பா குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவருக்கு முதுகுவலி என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. அந்த முதுகில் எந்த மருத்துவரும் கை வைத்ததில்லை என்பது வளர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஹேகே அந்த வீட்டுப் பெண்தானே. ஒருநாள் மகள் கணக்கு வகுப்பிலிருந்து ஓடிப்போய்க் கழிப்பறையைத் தாளிட்டுக்கொண்டு, மூச்சு வராமல் நெஞ்சைப் பிடித்தபடி அழுதாள். மருத்துவர் அதைப் பதற்ற நோய் என்றார். மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஹேகே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பாசிரியைக்குப் போன் செய்து, வில்டேவுக்கு முத்தக் காய்ச்சல் என்றாள்.

எச்சில் வழியே தொற்றி, பிள்ளைகளை வாரக்கணக்கில் படுக்க வைக்கும் காய்ச்சல் அது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், மகள் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று நினைத்தாள். முத்தம் என்றால் கொடுத்தது யார் என்று வகுப்பே கேட்குமே, அதை மட்டும் மறந்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்கு வகுப்பு கண்டுபிடித்த பதில்தான் இப்போது வாசலில் நின்று மணியடித்தது. சிந்த்ரே, வில்டேயோடு படிக்கும் பையன். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சமையலறைப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். வாஃபிளை இரண்டு முறை வேண்டாம் என்றான். மூன்றாம் முறை கேட்டதும் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டான். பிறகு குறையைச் சொன்னான். மலைக்குடிலுக்கு வகுப்போடு போனபோது அவனும் வில்டேயும் ஒரே பாட்டிலில் சோடா குடித்தார்களாம். அதை வைத்து எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவன் காதலி அவனோடு பேசுவதில்லை. கால்பந்துக் குழுவில் அவன் தண்ணீர் பாட்டிலை மட்டும் தனியாக ஜன்னலோரம் வைக்கிறார்களாம்.

"ஹேகே, நீங்க வகுப்புக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அவளுக்கு முத்தமே குடுத்ததில்ல. குடுத்துட்டுத் திட்டு வாங்கினாக்கூட ஒரு நியாயம் இருக்கு."

ஹேகேவுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. ஆனாலும் வாய் பழகிய வழியிலேயே போனது. கோடையில் டென்மார்க் போயிருந்தோம், அங்கே ஒரு பையன், என்று ஆரம்பித்தாள். பிறக்காத ஒரு டேனிஷ்காரன் அவள் நாக்கில் பிறந்துகொண்டிருந்தான்.

"அம்மா, டென்மார்க் பையனையாவது விட்டுடு."

வில்டே அறை வாசலில் நின்றாள். கம்பளிக் காலுறை, வாராத தலை.

"எனக்குக் காய்ச்சல் இல்ல, சிந்த்ரே. வகுப்புல உக்காந்தா மூச்சு முட்டுது. செத்துப்போயிடுவேன்னு தோணுது. மனசுக்குத்தான் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வாஃபிள் கருகும் வாசனை வந்தது. ஹேகே நகரவில்லை. அப்பாவின் பேச்சு வந்தால் ஊரார் சட்டென்று நிறுத்திக்கொண்டு ஒரு மாதிரி பார்ப்பார்களே, அந்தப் பார்வையை அவள் பையனின் முகத்தில் தேடினாள். பையனோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்காது."

"அப்ப என் பாட்டில் தப்பிச்சுது."

வில்டே சிரித்துவிட்டாள். எத்தனை வாரமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! ஹேகே திரும்பிக்கொண்டு கருகிய வாஃபிளைச் சுரண்டினாள். கண்ணீர் சூடான வாஃபிள் இரும்பில் விழுந்து சுர்ரென்றது.

பள்ளி நடைபாதையில் மனநலம் பற்றிச் சுவரொட்டிகள் இருக்கின்றன என்றான் சிந்த்ரே. தினமும் தாண்டிப் போகிறார்களாம். ஆனால் இப்படி வாய்விட்டுச் சொல்லி ஒருவரையும் கேட்டதில்லையாம். வகுப்பில் என்ன சொல்லட்டும் என்று கேட்டான். சொல்லாதே என்று ஹேகே வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். பக்கத்துல மட்டும் உக்காரு."

ஹேகே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பாவுக்கு முதுகுல ஒண்ணுமே இல்ல," என்றாள்.

இப்போதெல்லாம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது ஹேகே எழுந்து நின்று அந்த வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறாள். பிறகு யாராவது ஒரு தகப்பன் தொண்டையைச் செருமுவான். அன்று சமையலறையில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். மகள் வந்து, பின்னாலிருந்து அவள் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

சிந்த்ரே காலணி மாட்டக் குனிந்தான். வில்டே அறைக்குப் போக, அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"காலைல பஸ் நிறுத்தத்துல நிக்கறேன். வரலைன்னா?"

"வரலைன்னா நாளன்னைக்கும் நில்லு."

சரி என்று படியிறங்கிப் போனான், கையில் காகிதத்தில் சுற்றிய வாஃபிளோடு. உள்ளறையில் ஜிப் மூடும் சத்தம் கேட்டது. ஹேகே குளிர் உள்ளே வருவதைப் பொருட்படுத்தாமல், வாசற்கதவின் கைப்பிடியைப் பற்றியபடி நின்று காது கொடுத்தாள். வேறு சத்தமில்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.