பெயர் எழுதாத கசெற்

எனக்கு அவசரப் புத்தி. அந்தப் புத்தியால் ஒரு மனிதரின் கடைசிப் பாட்டுகளை அழித்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்குப் பக்கம் ஒரு வயதான பாடகரின் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். சிசிலியின் ஊர்த் திருவிழாக்களில் நாற்பது வருடம் கிற்றாரோடு நாட்டுப்பாட்டுப் பாடியவர். அப்போது சீடி வந்துவிட்டது. பாட்டுக் கம்பனிக்காரன் அவருடைய புது அல்பத்தில் கீபோர்ட்டையும் மெஷின் மேளத்தையும் கலந்துவிட்டான். "வெறும் கிற்றாரை இப்ப ஆர் கேக்கினம்?" என்றானாம்.

கிழவர் விடுவாரா? ஒரு காலையில் சாப்பாட்டு மேசையில் ரேப் ரெக்கோடரை வைத்து, ஏழு பாட்டையும் தனியே பாடி, கசெற்றின் இரண்டு பக்கமும் பதிந்தார். "திங்கட்கிழமை இதைக் கேட்டால் அவன்ரை வாய் அடைச்சுப் போகும்" என்றார். அடுத்த நாளே இருமல் பிடித்தது. இனிப் பாடவே கூடாது என்றுவிட்டார் டொக்டர்.

யாழ்ப்பாணத்துக்கு நாங்கள் அப்போது கடிதத்துக்குப் பதில் கசெற் அனுப்புவோம். பழைய கசெற்றை எடுத்து, பாட்டுக்கு மேலேயே கதைத்துப் பதிவோம். கிழவரும் தனக்கு வேண்டாததுகளை ஒரு பெட்டியில் போட்டு, எடுத்துக்கொண்டு போ என்பார். அந்த வெள்ளிக்கிழமை பெட்டிக்கு மேலே, பெயர் எழுதாத ஒன்று கிடந்தது. எழுத்தில்லாவிட்டால் வெறும் கசெற் என்பது எங்கள் நினைப்பு. ஒரு தரம் போட்டுப் பார்த்தேனா, பாவி? பின்னேரம் அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையில் இருந்துகொண்டு ஒரு பக்கம் முழுக்க அம்மாவோடு கதைத்துப் பதிந்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் அன்றைக்கே கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை கிழவர் வீட்டைத் தலைகீழாக்கினார். "பெட்டிக்கு மேலைதானே வைச்சனான்" என்றார். என் பெர்மெசோ, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, அவர் கையெழுத்தில் நின்றது. "நான் காணேல்லை" என்று சொல்லிவிட்டு, வெட்கமில்லாமல் அவரோடு சேர்ந்து சோபாவுக்கு அடியில் தேடினேன்.

மற்றப் பக்கமாவது மிஞ்சியிருக்கிறதே. தொடாமல் திருப்பி அனுப்பச் சொல்லி அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். ஊரில் நடந்த சண்டைக்குள் அது போய்ச் சேரவில்லை. அல்பம் மேளத்தோடு வெளிவந்தது. கிழவர் ஒரு தரம் கேட்டார். பிறகு தொடவில்லை.

நாலு மாதத்தில் அதே கசெற் அம்மாவின் குரலோடு வந்தது.

"பிள்ளை, மற்றப் பக்கத்திலை ஒரு கிழவர் பாடினவர். கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி மூண்டு நாள் கேட்டம். நல்ல குரல். வேறை கசெற் கிடைக்கேல்லை. உன்ரை பக்கத்தை அழிக்க மனம் வரேல்லை, அதுதான் அவரின்ரை பக்கத்திலை கதைக்கிறன்."

அழுது முடித்து, அடுத்த நாள் கசெற்றைக் கிழவர் முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், துரத்துவார் என்று நின்றேன். அவர் அதை ரேப்பில் போட்டார். ஒரு சொல்லும் விளங்காத தமிழை, எங்கேயாவது தன் பாட்டு மிஞ்சியிருக்குமோ என்று, முப்பது நிமிடமும் குனிந்திருந்து கேட்டார். அம்மா கடைசி நிமிடம்வரை கதைத்திருந்தாள்.